மகன் ஜெபத்துக்கு உட்கார மறுக்கிறான், நான் தோற்றுவிட்டேனா?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். 11 வயதில் மகன், 5 வயதில் மகள். கணவரும் நீங்களும் வேலைக்குப் போகிறீர்கள், கோயம்புத்தூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு. இரவு ஒன்பதரை மணிக் குடும்ப ஜெபம் தினமும் சண்டையில் முடிகிறது. போன வாரம் மகன், "போரடிக்குதும்மா, கடவுள் இருக்காருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டான், நீங்கள் அடித்துவிட்டீர்கள். ஊரிலிருந்து வந்திருந்த உங்கள் அத்தை, "தாய் சரியா இருந்தா பிள்ளை ஏன் இப்படிப் பேசுது?" என்றார்கள். பிள்ளைகளை ஜெபத்துக்கு உட்கார வைப்பது எப்படி என்று கேட்டு எழுதி முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில், "எனக்கே ஜெபிக்கத் தெம்பில்லை, இதில் பிள்ளைகளுக்கு நான்" என்று ஒரு வரியைப் பாதியில் விட்டிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் கேட்டது அந்த வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. என் பிள்ளையின் விசுவாசம் என் கையிலா இருக்கிறது, நான் தோற்றுப் போனேனா என்ற கேள்வி அது. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டு, பிறகு இரவு ஒன்பதரை மணிக்கு வருகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். 31 வருஷம் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருந்தேன். கிட்டத்தட்ட அத்தனை வருஷமும் எங்கள் சபையில் ஞாயிறு பள்ளியும் நடத்தினேன். மூன்று பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன். முறையாக இறையியல் படித்தவள் அல்ல, பிள்ளைகளின் மனநலத்தில் பயிற்சி பெற்றவளும் அல்ல. அதனால் வேதத்தில் தெளிவாக இருப்பது எது, என் அனுபவத்தில் கண்டது எது, வெறும் என் அபிப்பிராயம் எது என்று பிரித்தே சொல்கிறேன்.

வேதத்தில் தெளிவாக இருப்பது இது. நல்ல தாய்க்கு நல்ல பிள்ளை என்று கர்த்தர் கணக்குப் போட்டுக் கொடுக்கவில்லை. நம் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டங்களில் அன்னாளைப் பற்றிப் பேசாத வருஷம் கிடையாது. பிள்ளைக்காக அழுது ஜெபித்தாள், பெற்ற பிள்ளையைக் கர்த்தருக்கே கொடுத்தாள், வருஷந்தோறும் அவனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளைதான் பிறகு பெரிய தீர்க்கதரிசியான சாமுவேல். அதோடு செய்தியை முடித்துவிடுகிறோம். 1 சாமுவேல் 8-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சாமுவேலின் மகன்கள் யோவேலும் அபியாவும் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள் என்று எழுதியிருக்கிறது. அன்னாளின் சொந்தப் பேரன்கள் அவர்கள். அதற்காக அன்னாளையோ சாமுவேலையோ வேதம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சாமுவேலை வளர்த்த ஆசாரியன் ஏலியின் கதை வேறு. மகன்கள் செய்த அக்கிரமம் தெரிந்தும் அவர்களை அடக்காததற்காக அவன் நியாயந்தீர்க்கப்பட்டான். உங்கள் வீட்டில் நடப்பது அது இல்லை. கேள்வி கேட்கும் 11 வயதுப் பிள்ளை ஏலியின் மகன்களான ஓப்னியும் இல்லை, பினெகாசும் இல்லை.

"பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்" என்ற நீதிமொழிகள் 22:6-ஐ அத்தை சொல்லியிருப்பார்கள், நீங்களும் உங்களுக்குள்ளேயே சொல்லிச் சொல்லிக் குத்திக்கொண்டிருப்பீர்கள். அதை வாக்குத்தத்தமாகப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கும் தாய்மார்கள் உண்டு, அவர்களை நான் மதிக்கிறேன். நான் அந்த வசனத்தை அப்படி வாசிப்பதில்லை. நீதிமொழிகள் என்பது ஞானம், உலகம் பொதுவாக எப்படி நடக்கிறது என்று பார்த்துச் சொன்னது. அதே புத்தகம் சோம்பேறிக்குத் தரித்திரம் வரும் என்றும் சொல்கிறது, ஆனால் தரித்திரர் எல்லாரும் சோம்பேறி என்று நாம் சொல்ல மாட்டோம். நடத்துவது நம் வேலை. அவன் நடப்பது அவனுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ள காரியம். இதில் என்னோடு ஒத்துப்போகாத போதகர்கள் இருப்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து அத்தை சொன்னது. அவர்கள் மேல் கோபப்படாதீர்கள், அவர்கள் நினைவில் இருப்பது பொய் அல்ல. நான் பிறந்தது மெஞ்ஞானபுரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். 192 அடி உயரமுள்ள அந்தக் கோயில் கோபுரம் எங்கள் பனங்காட்டுக்கு மேலே தெரியும். சாயங்காலம் எங்கள் ஊர்க் கோயிலில் மணி அடித்தால் விளையாட்டு நின்றுவிடும். ஊர் முழுக்க ஜெபத்துக்குப் போகும், அல்லது வீட்டுத் திண்ணையில் பாய் விரிக்கும். பக்கத்து வீட்டில் கீர்த்தனை ஆரம்பித்தால் நாம் பேசுவதை நிறுத்துவோம். பதநீர்க் காலத்தில் அப்பா பனையேறிவிட்டு வந்து, கருப்பட்டி காய்ச்சிய அலுப்போடு உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குப் பக்கத்தில் சாய்ந்தே தூங்கிவிடுவார். யாரும் அவரை எழுப்ப மாட்டார்கள். ஊர்ச் சபையைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் மறுநாள் வந்து, நேற்று எந்த அதிகாரம் வாசித்தீர்கள் என்று பிள்ளைகளிடம் கேட்பார். அந்த ஜெபத்தை என் அம்மா தனியாக நடத்தவில்லை. மணி, உபதேசியார், பெரியம்மா, பக்கத்து வீடு, ஊர் எல்லாம் சேர்ந்து நடத்தியது. நீங்கள் ஆறாவது மாடியில், ஆபீசிலிருந்து வந்து, இட்லி மாவுப் பாத்திரத்தைக் கழுவிவிட்டு, அந்த ஊர் மொத்தமும் செய்த வேலையை ஒற்றை ஆளாகச் செய்யப் பார்க்கிறீர்கள். களைத்துப் போகாமல் என்ன செய்யும்?

சபையும் இதில் பங்காளி. நாங்கள் தென்னிந்தியத் திருச்சபையை (சி.எஸ்.ஐ.) சேர்ந்தவர்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் வாக்குக் கொடுப்பார்கள். சபையாரும் அந்தப் பிள்ளைக்காகப் பொறுப்பேற்றுப் பதில் சொல்வார்கள். உங்கள் சபை எது என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும், உங்கள் மகன் கேட்ட கேள்வியை உட்கார்ந்து கேட்கக்கூடிய ஒரு அண்ணனோ மாமாவோ அங்கே இருக்கிறாரா என்று தேடுங்கள். 11 வயதுக்கு மேல் பையன்கள் அம்மாவிடம் சொல்லாததை அப்படி ஒருவரிடம் சொல்வதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

இப்போது "போரடிக்குது" என்ற வார்த்தைக்கு வருகிறேன். தமிழ் டீச்சராக இருந்தவள் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் மகன் ஆங்கில வழியில் படிக்கிறான், ஹிந்தி இரண்டாம் மொழி என்று எழுதியிருக்கிறீர்கள். இரவில் ஆளுக்கு இரண்டு வசனம் சுற்றி வாசிக்கிறீர்கள். நாம் வீட்டில் வைத்திருக்கும் வேதாகமம் 1871-ல் வெளிவந்த மொழிபெயர்ப்பை ஒட்டியது. "அவைகளைக்குறித்து", "மனமடிவாகாதபடி", "அமரப்பண்ணினேன்" எல்லாம் நமக்கு அம்மா மடியில் கேட்டுப் பழகிய சொற்கள். காதில் தேன்போல விழும். எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு அவை முள். அவன் தடுமாறுவான், தங்கச்சி சிரிப்பாள், நீங்கள் பின்னாலிருந்து திருத்துவீர்கள். ஒரு நாள் இரண்டு நாள் பொறுப்பான், அப்புறம் "போர்" என்று சொல்லிவிடுவான். எனக்கு வாசிக்க வரவில்லை என்று சொல்லுவதைவிட அது அவனுக்குச் சுலபம். ஞாயிறு பள்ளியில் இதைக் கண்டுபிடிக்க எனக்கே பல வருஷம் ஆனது. வகுப்பில் மிகவும் சேட்டை செய்த பையன்களில் பாதிப்பேர் சத்தமாகத் தமிழ் வாசிக்கப் பயந்தவர்கள். ஒரு சிறுமி ஒரு நாள் என் சேலையைப் பிடித்து இழுத்து, "டீச்சர், பரமண்டலம் எங்கே இருக்கு? பஸ் போகுமா?" என்று கேட்டாள். "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று பரலோகத்தைச் சொல்லி ஆரம்பிக்கும் கர்த்தருடைய ஜெபத்தை மூன்று வருஷமாகப் பிழையில்லாமல் சொல்லி வந்த பிள்ளை அவள். மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இருபது முப்பது வருஷம் கழித்து ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த வரிகள்தான் தானாக வாய்க்கு வரும். ஆனால் கூடவே பொருளும் போக வேண்டும்.

அதனால் கொஞ்ச நாளைக்கு அவனை வாசிக்கச் சொல்லாதீர்கள். நீங்களோ கணவரோ வாசியுங்கள், அவன் தன் சொந்த வார்த்தையில், ஆங்கிலம் கலந்தாலும் சரி, கதையைத் திருப்பிச் சொல்லட்டும். மாற்கு சுவிசேஷத்தில் ஆரம்பியுங்கள், 16 அதிகாரம்தான், ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் போதும், அதிகாரத்தை முடித்தே தீர வேண்டும் என்று இல்லை. சங்கீதம் என்றால் 23, 121, 131 போன்ற சின்னவை. தாயின் பால்மறந்த குழந்தையைப்போல என்று வரும் 131-ஆம் சங்கீதம் மூன்றே வசனம். நீங்கள் அதை உங்களுக்காகவும் வாசிக்கலாம்.

நேரத்தையும் மாற்றுங்கள். ஒன்பதரை மணிக்கு 5 வயதுப் பிள்ளைக்குத் தூக்கம், உங்களுக்குக் களைப்பு, மகனுக்கு மறுநாள் டெஸ்ட். சாப்பாட்டுக்கு முன்னால், ஏழரை மணிபோல, தட்டு வைப்பதற்கு முன் ஏழெட்டு நிமிடம் என்று வைத்துப் பாருங்கள். கணவர் வர நேரமாகும் நாட்களில் அவர் இல்லாமலே முடித்துவிடுங்கள். ஆனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர்தான் நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு மட்டும் உரிய காரியம் ஜெபம் என்று பையன் மனதில் பதியக் கூடாது. முதலில் ஒரு பாட்டு, அதை மகள் தெரிந்தெடுக்கட்டும், தினமும் அதே பாட்டானாலும் விடுங்கள். ஜெபம் சொல்ல மகனை வற்புறுத்த வேண்டாம். "இன்னைக்கு உனக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று கேளுங்கள், இல்லை என்றால் சரி என்று அடுத்தவரிடம் போங்கள். உட்காருவது வீட்டு வழக்கம், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வாயைத் திறப்பது அவன் விருப்பம்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது வேறொன்று. பல வருஷம் என் வீட்டில் குடும்ப ஜெபம் இன்னொரு வகுப்பறையாகத்தான் இருந்தது. "ஆண்டவரே, இவன் பொய் சொல்லாதபடி இவனுக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்று பிள்ளை காது கேட்கவே நான் ஜெபிப்பேன். பேர் ஜெபம், உண்மையில் திட்டு. பிள்ளைகளுக்கு அது நன்றாகவே தெரியும். என் மூத்த மகள் கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள், "அம்மா, நீங்க ஜெபத்துல உங்களுக்காக எதுவுமே கேட்டதில்லை, எங்களைப் பத்தி கம்ப்ளைண்ட்தான் சொல்லுவீங்க" என்றாள். அன்று இரவு நான் வெகுநேரம் தூங்கவில்லை. தேவனுக்கு முன்னால் உட்காரும்போது நானும் ஒரு பிள்ளை, அந்தப் பாயில் எனக்கு டீச்சர் நாற்காலி கிடையாது என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். அன்று முதல் பிள்ளைகளுக்கு முன்னால் என் காரியங்களைச் சொல்லி ஜெபிக்கப் பழகினேன். "இன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் ஒருவரிடம் கடுமையாகப் பேசிவிட்டேன், மன்னியும்." "இந்த மாதம் பணம் போதவில்லை, பயமாக இருக்கிறது." அதன் பிறகுதான் கடைக்குட்டி தானாக வாயைத் திறந்து ஜெபித்தான். உங்களுக்குத் தெம்பில்லை என்றால் அதையே சொல்லி ஜெபியுங்கள். "ஆண்டவரே, இன்றைக்கு ரொம்ப அலுப்பு, எங்களோடு இரும், ஆமென்." இது முழு ஜெபம்தான்.

அப்புறம், உபாகமம் 6-ஐப் பாருங்கள். கர்த்தரின் வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதி என்று சொன்ன கையோடு, வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் படுத்துக்கொள்ளுகிறபோதும் எழுந்திருக்கிறபோதும் அவைகளைக்குறித்துப் பேசு என்கிறது. டியூஷனிலிருந்து அவனை ஸ்கூட்டரில் கூட்டி வருகிறீர்கள் அல்லவா, அது வழியில் நடக்கிற நேரம். பையன்கள் முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் பேச மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுவார்கள். 300 வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் சூசன்னா வெஸ்லி என்ற குருவானவரின் மனைவி இருந்தார். 19 பிள்ளைகளைப் பெற்று, பலரைக் குழந்தையிலேயே இழந்தவர். மீதி இருந்த பிள்ளைகளோடு வாரத்தில் ஒரு மாலை தனித்தனியாகப் பேச நேரம் வைத்திருந்தார். பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய மகன் ஜான் வெஸ்லிக்கு வியாழக்கிழமை. அவர் பிள்ளை வளர்த்த கண்டிப்பை, பிரம்புக்குப் பயப்படப் பழக்கியதை, நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வியாழக்கிழமையை எடுத்துக்கொள்ளலாம். வாரத்தில் ஒரு தடவை, தங்கச்சி இல்லாமல், போன் இல்லாமல், அவனோடு மட்டும் ஒரு டீக்கடை பஜ்ஜி.

அந்த நேரத்தில் அவன் மறுபடியும் கேட்பான், கடவுள் இருக்கிறார் என்று எப்படித் தெரியும் என்று. கேட்கட்டும். இந்த வயதில் பிள்ளைகள் காரணம் கேட்க ஆரம்பிப்பது வளர்ச்சி. என் வகுப்பில் இப்படிக் கேட்டவர்களில் சிலர் இன்று சபையில் தூணாக இருக்கிறார்கள், சிலர் கோயில் பக்கமே வருவதில்லை. இந்த ஒரு கேள்வியை வைத்து யாரும் எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. உங்களுக்கு நிரூபணம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. நீங்கள் எதை நம்பிப் பிழைத்தீர்கள் என்று ஒரு உண்மைச் சம்பவத்தைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். மாற்கு 9-ல் வியாதிப்பட்ட மகனைக் கொண்டுவந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடே சத்தமிட்டான். அவனுடைய விசுவாசம் முழுசாகட்டும் என்று இயேசு காத்திருக்கவில்லை, பிள்ளையைச் சுகமாக்கினார். அந்த ஜெபத்தை ஒரு பெற்றோர்தான் ஜெபித்தார் என்பதைக் கவனியுங்கள்.

அடித்தது பற்றி. பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான் என்ற வசனத்தை வைத்து அடிப்பதை நியாயப்படுத்தும் கிறிஸ்தவர்கள் நம்மில் நிறையப் பேர். நானும் ஆரம்ப வருஷங்களில் வகுப்பில் ஸ்கேல் எடுத்தவள்தான், இன்றைக்கு அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அதைத் தடை செய்தது நல்லதாயிற்று. வீட்டில் கண்டிப்பு எப்படி என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் ஜெபத்தையும் அடியையும் ஒரே இடத்தில் வைக்கவே கூடாது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளைகளின் மனம் மடிந்துபோகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயர் 3:21 சொல்கிறது.

என் நடுப்பிள்ளையைப் பற்றியும் சொன்னால்தான் இந்தப் பதில் நேர்மையாக இருக்கும். பிள்ளைகள் வளர்ந்தபின் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடும் திடப்படுத்தல் ஆராதனைக்கான வகுப்பு இப்போது வேண்டாம் என்றான். ஊர் என்ன சொல்லும் என்று நான் கட்டாயப்படுத்தி அனுப்பினேன். வெள்ளைச் சட்டை போட்டுப் பிஷப் முன்னால் முழங்காலில் நின்றான், படம் இன்னும் ஹாலில் இருக்கிறது. அதன் பின் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ஆறு வருஷம் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. இப்போது கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு மட்டும் வந்து என் பக்கத்தில் உட்காருகிறான். பாமாலைப் புத்தகத்தை அவன் கையில் நான் திணிப்பதில்லை, எங்கள் இருவருக்கும் நடுவில் விரித்து வைக்கிறேன். போன வருஷம் இரண்டாம் சரணத்தில் அவன் குரலும் கேட்டது. அதற்கு மேல் நான் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் என் அனுபவத்தை நம்பிக்கொண்டிருக்காதீர்கள். சில வாரங்களாகவே தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். மகனும் ஜெபத்தில் மட்டும் இல்லாமல் விளையாட்டு, சாப்பாடு, நண்பர்கள் எல்லாவற்றிலுமே ஒதுங்கியிருந்தால் அவனையும் காட்டுங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல. தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாக வேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்க விட்டான், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்க விட்டான். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்றைக்கு ஜெபமே வைக்காவிட்டாலும் பரவாயில்லை. மகன் தூங்கப் போகும் முன் அவன் கட்டிலில் போய் உட்காருங்கள். "அன்னைக்கு நான் உன்னை அடிச்சது தப்பு. நீ கேட்டது நல்ல கேள்விதான், எனக்குப் பதில் தெரியலை, அதனாலதான் கோபம் வந்துச்சு" என்று சொல்லுங்கள். "ஆனா நீயும்" என்று பின்னால் ஒன்றும் சேர்க்காதீர்கள். அவன் ஒன்றும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் கொஞ்ச நேரம் அங்கேயே இருங்கள். சனிக்கிழமை உங்கள் கணவர் நடத்தும் ஜெபம் எப்படிப் போனது என்று நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். அதுவரை பிள்ளைகள் இருவரின் வயதை மட்டும் சொல்லி நான் இங்கே ஜெபித்துக்கொண்டிருப்பேன், பெயர்கள் ஆண்டவருக்குத் தெரியும்.